எஸ்டீம், இருங்காட்டுக்கோட்டை, ஞாயிற்றுக்கிழமை: பிரேக் எங்கே போச்சு?

பழைய_எஸ்டீம் | திங்கள், இரவு 9:12

வணக்கம் மக்களே. பதிவு கொஞ்சம் நீளம், டீயைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படிங்க. கேள்வி கடைசியில இருக்கு. நேரா அங்கே குதிச்சுடாதீங்க, நடுவுல நடந்ததும் வேணும்.

கார் 2003 மாருதி எஸ்டீம், 1298 சிசி, எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை இன்ஜெக்டர் வழியா பீய்ச்சுற வகை). புதுசுல 85 குதிரைன்னு சொன்னாங்க. இருபது வருஷத்துல எத்தனை குதிரை செத்துச்சோ தெரியாது. ரிட்டயர் ஆன ஒரு பேங்க் மேனேஜர்கிட்ட வாங்கினேன். பின் சீட்டைக் கழட்டினப்ப அடியில ஒரு முருகர் படம், ஏழெட்டு பெட்ரோல் பில், ஒரு நெய்ல்கட்டர். முருகரை மட்டும் ரோல் கேஜ் கம்பியில டேப் போட்டு ஒட்டிட்டேன். இன்ஜினைத் தொடவே இல்லை. கேஜ் (கார் கவுந்தா ஆளைக் காப்பாத்துற கம்பிக்கூண்டு), பக்கெட் சீட், பெல்ட், தீயணைப்பான், கட்-ஆஃப் சுவிட்ச், முன்னாடி நல்ல பேட், புது பிரேக் ஆயில். காசு அதோட தீர்ந்துபோச்சு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டோ வண்டியில ஏத்திக்கிட்டு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குப் போய்ச் சேர்ந்தேன். ஸ்க்ரூட்டினியில (ரேஸுக்கு முன்னாடி நடக்கிற பாதுகாப்புச் சோதனை) பெரியவர் ஒருத்தர் ஹெல்மெட் ஸ்டிக்கர், பெல்ட் தேதி எல்லாம் பார்த்துட்டு, பேட்டரியை ஒரு கையால பிடிச்சு ஆட்டினார். ஆடுச்சு. "இதை வெச்சுக்கிட்டு கவுந்தீங்கன்னா ஆசிட் உங்க மடியில" அப்படின்னு சொல்லிட்டு அடுத்த காருக்குப் போயிட்டார். பக்கத்து பிட்ல இருந்த ஒரு ஹோண்டா சிட்டிக்காரர், யாருன்னே தெரியாது, அவரோட டூல் பெட்டியைத் துழாவி ஒரு கிளாம்ப்பும் ரெண்டு நீள போல்ட்டும் குடுத்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்டிக்கர் ஒட்டினாங்க. அந்தச் சின்ன ஸ்டிக்கரைப் பார்த்தப்ப வந்த சந்தோஷம் என் டிகிரி சர்ட்டிஃபிகேட்டைப் பார்த்தப்பகூட வரலை.

சனிக்கிழமை பிராக்டிஸ். ட்ராக் 3.717 கிலோமீட்டர், 12 திருப்பம். சிமுலேட்டர்ல நூறு தடவை ஓட்டியிருக்கேன்னு நெனப்பு. சி1-ஐ (முதல் திருப்பம்; அடுத்தது சி2, இப்படியே போகும்) முழு ஆக்ஸிலரேட்டர்ல எடுக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க. என் வலது கால் மூணு ரவுண்டு வரைக்கும் அதை நம்பலை. குவாலிஃபையிங்ல 2 நிமிஷம் 14 செகண்ட். கணக்குப் போட்டா சராசரி வேகம் நூறைத் தொடலை! உள்ளே உக்காந்திருக்கிறவனுக்கு அது இருநூறு மாதிரி இருக்கும், அது வேற விஷயம். பதினெட்டு காருல பதினாலாவது.

இன்ஜின் டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறிக்கிட்டே இருந்ததால, அந்தச் சூட்டை கொஞ்சம் உள்ளே இழுத்துக்கட்டும்னு ஹீட்டரை முழுசா திறந்து விட்டேன். மே மாச மெட்ராஸ் வெயில், மூணு அடுக்கு ரேஸ் சூட், ஹெல்மெட், அதுக்கு மேல ஹீட்டர். முள்ளு இறங்குச்சு, நான் வெந்தேன். ரேஸ் முடிஞ்சு கையுறையைப் பிழிஞ்சேன். நிஜமாவே தண்ணி சொட்டுச்சு.

முதல் ரேஸ் 6 ரவுண்டு, பன்னிரண்டாவதா வந்தேன். கடைசி ரவுண்டுல ஒரு வென்டோவுக்கு வழி விடப்போய் வெளியே அகலமா போய், தார் ஓரத்தைத் தாண்டி மண்ணுல இறங்கி ஏறினேன். "டமார்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தா முன் பம்பர் ஓரம் கொஞ்சம் உரசியிருந்தது. ரிம், டயர் எல்லாம் ஓகே. கூல்-டவுன் ரவுண்டுல லேசா "ஊ"ன்னு ஒரு ஒலி. டயர்ல மண்ணு ஒட்டியிருக்கும்னு விட்டுட்டேன்.

ஞாயிறு ரெண்டாவது ரேஸ். இங்கேதான் கதை. சி2-க்கு பிரேக் மிதிக்கிறேன், பெடல் பாதிக்கு மேல சும்மா உள்ளே போகுது. அடிவயிறு கலங்கிடுச்சு. மறுபடி மிதிச்சா பிடிக்குது. அடுத்த ரவுண்டு சி2, அதேதான். அதுக்கடுத்ததும் அதேதான். நாலாவது ரவுண்டுல தைரியம் போய், கையைத் தூக்கிக் காட்டிக்கிட்டே ஓரமா மெதுவா ஓட்டி பிட்டுக்கு வந்துட்டேன். மூணாவது ரேஸுக்குக் காரை எடுக்கவே இல்லை.

பிரேக் ஆயில் வியாழக்கிழமைதான் மாத்தினேன், டாட் 4 ரகம். பேட் பாதிக்கு மேல இருக்கு. லீக் எங்கேயும் இல்லை. என்ன ஆச்சு?

---

பிட்லேன்_டீ | திங்கள், இரவு 9:31

முருகரை டேப் போட்டு ஒட்டினீங்க சரி, அவரோட வேல் எங்கே? அதான் கோபம்.

பன்னிரண்டாவதா வந்ததுக்கு வாழ்த்து நண்பா. முதல் ரேஸ்ல முழுசா ஓடி முடிக்கிறதே பெரிய விஷயம்.

---

ஆயில்_வாத்தியார் | திங்கள், இரவு 9:58

கேஸ் சிம்பிள் சார். பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு.

டாட் 4-க்கு புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ். ஆனா இந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அதே ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதிச்சா ஆவி. ஆவியை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. அதான் பெடல் உள்ளே போகுது. பம்ப் பண்ணினா திரும்ப வருது. நீங்க சொன்ன அறிகுறி எல்லாமே பாடப்புத்தகம்.

ஒரே ஒரு கேள்வி: வியாழக்கிழமை ஊத்தின ஆயில் சீல் பிரிக்காத பாட்டிலா, இல்லை ஏற்கெனவே திறந்ததா?

---

கொங்கு_கியர் | திங்கள், இரவு 10:15

வாத்தியார் சொல்றது சரிங்க, ஆனா ஒண்ணு கேட்டுக்கலாமுங்க. பிரேக் போறதுல ரெண்டு வகை இருக்கு. பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருந்து கார் மட்டும் நிக்கலைன்னா பேட் சூடாகி வழுக்குதுன்னு அர்த்தம். பெடலே பஞ்சு மாதிரி உள்ளே போச்சுன்னா ஆயில் கொதி. நம்ம கரி ஸ்பீட்வேல (செட்டிபாளையம், 2.1 கிலோமீட்டர்தான்) நேர் ரோடு சின்னதுங்க, பிரேக் ஆறவே நேரம் கிடைக்காது. நான் ரெண்டையும் ஒரே நாள்ல பாத்தவன்.

அப்புறம் ரேஸ் முடிஞ்சு பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக் போட்டீங்களா? போடக்கூடாதுங்க. எஸ்டீமுக்கு பின்னாடி ட்ரம். சூட்டோட சூடா ஷூவை இழுத்துப் பிடிச்சு வெச்சா ட்ரம் ஆறும்போது ஒட்டிக்கும். கியர்ல போட்டு ரெண்டு செங்கல் வெச்சா போதும்.

---

பழைய_எஸ்டீம் | திங்கள், இரவு 10:40

கொங்கு அண்ணே, ஹேண்ட்பிரேக் போடலை, யாரோ முன்னாடியே சொல்லிட்டாங்க. பெடல் பஞ்சு மாதிரின்னு சொல்ல முடியாது. மொதல் மிதி காலியா போகுது, ரெண்டாவது மிதி கெட்டியா பிடிக்குது.

வாத்தியார் சார்... பாட்டில் போன தீபாவளி சமயத்துல திறந்ததுதான். அரை பாட்டில் மிச்சம் இருந்துது. மூடி டைட்டாதான் இருந்தது.

---

ஆயில்_வாத்தியார் | திங்கள், இரவு 10:43

தீபாவளி! அதாவது வடகிழக்கு மழை முழுசையும் அந்த பாட்டில் உங்க ஷெட்ல உக்காந்து பார்த்திருக்கு. இழையை மூடலாம்.

---

எலெக்ட்ரிக்_எதிர்காலம் | செவ்வாய், காலை 7:20

தப்பா எடுத்துக்காதீங்க ப்ரோ. 2007-லேயே உற்பத்தி நின்னுபோன காரை ட்ராக்ல கொண்டுபோய் விட்டுட்டு, பிரேக் போச்சுன்னு அழுறது எந்த ஊரு நியாயம்? அதே காசுக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் போலோ வாங்கியிருந்தா ஏபிஎஸ்ஸோட வந்திருக்கும். இல்லைன்னா வீட்ல ஒரு சிம் ரிக் போட்டுக்கிட்டு நிம்மதியா ஓட்டியிருக்கலாம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துல நாஸ்டால்ஜியா எதுக்கு?

---

அம்பத்தூர்_லேத் | செவ்வாய், காலை 7:48

தம்பி, கார் அவர்து, காசு அவர்து. உனுக்கு இன்னா?

போலோ முன்சக்கரத்துல ஒரு தட்டு தட்னா ஆவுற செலவுல எஸ்டீமுக்கு ஒரு பக்கத்து சஸ்பென்ஷனே வாங்கிலாம். பழைய ஸ்பேர் கடைங்கள்ல எஸ்டீம் பார்ட்ஸ் இன்னும் கெடைக்குது. வெயிட்டும் 900 கிலோவுக்கு உள்ள. வெயிட்டு கம்மின்னா பிரேக்கும் டயரும் கம்மியா தேயும். கிளப் ரேஸ்ல வண்டி வேகமா போறதுக்கு மின்னாடி மாசா மாசம் ஓட்ற மாதிரி இருக்கணும்.

அத்த வுடு. எனுக்கு இந்த ஆயில் கதைல ஒண்ணு இடிக்குது. சாயங்காலம் வரேன், இப்ப ஷிஃப்ட்டு.

---

எலெக்ட்ரிக்_எதிர்காலம் | செவ்வாய், காலை 8:05

கருத்து சொன்னா கோபமா? சரி, நடத்துங்க.

---

சோழவரத்துக்காரர் | செவ்வாய், மதியம் 1:30

பழைய கார், பழைய கார் என்கிறீர்கள். எனக்கு எஸ்டீம் புதிய கார். 1994-இல் வந்தபோது அதைப் பார்த்து வாயைப் பிளந்தவன் நான்.

சோழவரத்தில் ஓடியதெல்லாம் ஃபியட் 1100, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், அம்பாசிடர். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அது. பிப்ரவரி வெயிலில் கான்கிரீட்டின் மேல் காற்று நெளியும். தூரத்தில் வருவது காரா கானலா என்று தெரியாது. ஃபியட்டுக்கு 1089 சிசி, நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக். ட்ரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும், பெடல் தரையைத் தொடும். அதனால் எங்கள் ஆட்கள் முதல் சுற்றிலிருந்தே பிரேக்கை எண்ணி எண்ணித்தான் செலவழிப்பார்கள். நான் ஓட்டியவன் இல்லை, மெக்கானிக்கிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த பையன். சம்பளம் கிடையாது. ஒரு வேளை சாம்பார் சாதம், உள்ளே போக ஒரு பாஸ், அவ்வளவுதான். கம்பிக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் ஜனம் நிற்கும், நான் இந்தப் பக்கம். அந்த வயதில் அதைவிட என்ன வேண்டும்?

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனபோது நாங்கள் சிலர் முணுமுணுத்தோம், அது வேறு ஊர் மாதிரி இருக்கிறது என்று. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

தம்பி பழைய எஸ்டீம், என் மெக்கானிக் ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். வண்டி நின்றதும் பானட்டைத் திறக்காதே, நான்கு சக்கரத்திடமும் கையைக் கொண்டுபோய் சூட்டைப் பார். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அங்கே போய் உட்கார். நீங்கள் பார்த்தீர்களா?

---

பழைய_எஸ்டீம் | செவ்வாய், மதியம் 2:02

ஐயா, பார்க்கலை. அந்த நேரத்துல என் கை காலே நடுங்கிக்கிட்டு இருந்தது. நேரா போய் ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சுட்டு டயர் மேல உக்காந்துட்டேன். சோழவரம் பத்தி தனி இழை போடுங்க ஐயா, ப்ளீஸ்.

---

பிட்லேன்_டீ | செவ்வாய், மதியம் 2:10

ஐயா தனி இழை போட்டா டீ என் செலவு.

---

அம்பத்தூர்_லேத் | செவ்வாய், இரவு 8:25

வந்துட்டேன்.

எஸ்டீம் அண்ணே, நீ எழுதினத மூணு வாட்டி படிச்சேன். பெடல் போனது சி2, சி2, சி2. வேற எந்த கார்னர்லயும் போவலயா? 12 திருப்பம் கீது, அதுல நாலஞ்சு எடத்துலயாச்சும் நல்லா மிதிக்கணும். ஆயில் கொதிச்சா அது கார்னர் பாத்து கொதிக்குமா?

---

ஆயில்_வாத்தியார் | செவ்வாய், இரவு 8:40

லேத் சார், சி2-க்கு முன்னாடிதானே மெயின் ஸ்ட்ரெய்ட்? வேகம் அதிகம், பிரேக்குக்கு வேலை அதிகம். தவிர, நேர் ரோட்டுல பிரேக்கைத் தொடாம போறப்ப டிஸ்க் சூடு காலிப்பருக்குள்ள (பேட்டை டிஸ்க் மேல அமுக்குற பாகம்) இறங்கி ஆயிலைக் கொதிக்க வைக்கும். அடுத்த மிதி சி2-ல. கணக்கு சரியா வருது.

---

லண்டன்_இ36 | செவ்வாய், இரவு 11:50

வணக்கம் அண்ணை. நான் இருக்கிறது லண்டனுக்கு வெளியிலை. ஒரு பழைய பிஎம்டபிள்யூ இ36 சலூன் வைச்சு கிளப் றேஸ் ஓடுறன். இஞ்சை இந்த விளையாட்டு பெரிய ஆக்களின்ரை விளையாட்டு இல்லை. 750 மோட்டார் கிளப் 1939 இலை துவங்கினது, இப்பவும் பிளம்பர், வாத்தியார், பஸ் ட்றைவர் எல்லாரும் வந்து ஓடுவினம். மழைக்குள்ளை ட்றெய்லரிலை காரை இழுத்துக்கொண்டு விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுறது, மனிசியிட்டை ஏச்சு வாங்குறது, எல்லாம் உங்களைப்போலதான்.

விஷயத்துக்கு வாறன். எனக்கு இஞ்சை பிராண்ட்ஸ் ஹாச் எண்ட றேஸ் ட்ராக்கின்ரை இண்டி சுற்றிலை அச்சொட்டா உதே பிரச்சினை வந்தது. அங்கை முதல் வளைவு பாடொக் ஹில், வலப்பக்கம், பள்ளத்துக்குள்ளை விழுறமாதிரி. அது முடிய ட்ரூயிட்ஸ் எண்டு ஒரு ஹெயார்பின், அதுக்குப் பிறேக் பிடிக்கவேணும். ட்ரூயிட்ஸிலை மட்டும் பெடல் உள்ளுக்கை போகும், ரெண்டாந்தரம் மிதிச்சால் சரி. நானும் ஒயில் கொதிக்குது எண்டு நினைச்சு விலை கூடின ஒயில் வாங்கி ஊத்தினன். ஒரு மாற்றமும் இல்லை.

கடைசியிலை பார்த்தால் முன் இடப்பக்கச் சில்லின்ரை பெயாரிங் ஆடுது. வலப்பக்கம் திரும்பேக்கை காரின்ரை பாரம் எல்லாம் இடப்பக்க முன்சில்லிலை. பெயாரிங் ஆடினால் டிஸ்க் சரியும். சரிஞ்ச டிஸ்க் பாட்டைத் தள்ளும், பாட் பிஸ்டனைக் காலிப்பருக்குள்ளை தள்ளும். பிறகு நீங்கள் மிதிக்கேக்கை முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்பவே போயிடும்.

உங்கடை சி1 வேகமான வலப்பக்க வளைவு தானே? முதல்நாள் மண்ணுக்குள்ளை இறங்கி "டமார்" எண்டதும், பிறகு "ஊ" எண்டதும் நீங்கள்தான் எழுதினியள்.

---

அம்பத்தூர்_லேத் | புதன், காலை 6:55

லண்டன் தம்பி, கைய குடு. நான் எழுதலாம்னு வந்தத நீ எழுதிட்ட.

எஸ்டீம் அண்ணே, இன்னிக்கே பாரு. முன்பக்கம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வெச்சிட்டு, சக்கரத்த மேல ஒரு கை கீழ ஒரு கை புடிச்சு ஆட்டு. ஆடுச்சுன்னா வூட்டுக்காரம்மாவ உள்ள உக்கார வெச்சு பிரேக்க மிதிக்க சொல்லு. மிதிச்சதும் ஆட்டம் நின்னா பேரிங். மிதிச்சும் ஆடுனா பால் ஜாயிண்ட். செலவு அஞ்சு பைசா இல்ல.

---

ஆயில்_வாத்தியார் | புதன், காலை 9:10

பேரிங்கையும் பாருங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா திறந்த பாட்டில் திறந்த பாட்டில்தான். ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

---

போஸ்ட்_2_கொடி | புதன், மாலை 6:18

இந்த இழை இப்பதான் கண்ணுல பட்டுது. ஞாயிறு சி2 போஸ்ட்ல மார்ஷலா (ட்ராக் ஓரமா கொடி காட்டுற ஆள்) நின்னது நான்தான்.

வெள்ளை எஸ்டீம், வலது பக்க கண்ணாடி டேப் போட்டு ஒட்டினது, அதானே? மொத்த ஃபீல்டுலயும் உங்க பிரேக் லைட் மட்டும்தான் ரெண்டு தடவை எரிஞ்சுது. ஒரு சின்ன மினுக், அப்புறம் நிஜமான பிரேக். நானும் பக்கத்துல நின்னவரும் "யார்ரா இவன், இண்டிகேட்டர் மாதிரி பிரேக் போடுறான்"னு பேசிக்கிட்டோம். முக்கியமான விஷயம்: முதல் ரவுண்டுலயே அப்படித்தான் எரிஞ்சுது. கிரிட்ல இருந்து கிளம்பி வந்த உடனே. அப்ப உங்க பிரேக் சூடாகவே இல்லை.

வெயில்ல நின்னு வெந்தவன் சாட்சி, எடுத்துக்கிட்டா எடுத்துக்கோங்க.

---

கொங்கு_கியர் | புதன், மாலை 6:40

அட! இதுக்கு மேல என்ன சாட்சி வேணுமுங்க.

---

பழைய_எஸ்டீம் | புதன், இரவு 11:05

மக்களே, ஆபீஸ் முடிஞ்சு வந்து ரெண்டு வேலை பண்ணினேன்.

ஒண்ணு, காருக்குள்ள வெச்ச கேமரா வீடியோவை மறுபடி பார்த்தேன். மார்ஷல் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. முதல் ரவுண்டு, சி1 தாண்டினதும் என் முழங்கால் ரெண்டு தடவை அசையுது. எனக்கு அது ஞாபகமே இல்லை, பதட்டத்துல தன்னால ரெண்டாவது மிதி மிதிச்சிருக்கேன். மூணு தடவைதான் போச்சுன்னு நெனச்சேன், ஆனா நாலு ரவுண்டும் போயிருக்கு. மத்த எல்லா கார்னர்லயும் ஒரே மிதிதான், சுத்தமா பிடிக்குது. சனிக்கிழமை வீடியோவையும் பார்த்தேன். கடைசி ரவுண்டு மண்ணுல இறங்குற வரைக்கும் சி2-ல ஒரே மிதி.

ரெண்டு, ஜாக்கி. வலது பக்கம் கல்லு மாதிரி. இடது பக்கம் மேல கீழ பிடிச்சு ஆட்டினா "டக் டக்". வீட்ல அவங்க தூங்கிட்டாங்க, பையனை எழுப்பி பிரேக் மிதிக்கச் சொன்னேன். ஆட்டம் நின்னுபோச்சு. சக்கரத்தைக் கையால சுத்தினா அந்த "ஊ" ஒலி, சின்னதா, மாவு மில்லு மாதிரி.

பேரிங்தான்.

வியாழக்கிழமை பிரேக் ஆயில் மாத்துறப்ப சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம் பார்க்கலை. பம்பரைத்தான் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியறதைத் துடைச்சுட்டு, காதுக்குக் கேட்டதை விட்டுட்டேன். அந்த சிட்டிக்காரர் சனிக்கிழமை ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு தன் கார் அடியில படுத்துக் கிடந்தார். இவருக்கு என்ன கோளாறுன்னு நெனச்சுக்கிட்டே நான் ஸ்ரீபெரும்புதூருக்கு பரோட்டா சாப்பிடப் போனேன். ஒரு கோளாறும் இல்லை, சும்மா எல்லா நட்டையும் தொட்டுப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கார்.

---

ஆயில்_வாத்தியார் | வியாழன், காலை 7:15

ஒத்துக்கறேன். முதல் ரவுண்டுல குளிர்ந்த பிரேக்ல ஆயில் கொதிக்காது. தோத்துட்டேன்.

ஆனா அந்த ஆயிலை மாத்துங்க. சின்ன பாட்டிலா வாங்குங்க, திறந்தா அன்னிக்கே தீருங்க, மிச்சத்தைக் கொட்டிடுங்க. அடுத்த தடவை நீங்க 2:10 ஓட்டும்போதுதான் அது கொதிக்கும், அப்ப மறுபடியும் இங்கே வருவீங்க.

---

லண்டன்_இ36 | வியாழன், மதியம் 1:40

சந்தோசம் அண்ணை. புதுப் பெயாரிங் போட்டாலும் ஒரு பழக்கம் பழகுங்கோ. வேகமான வளைவு முடிஞ்சு நேராகினவுடனை, பிறேக் பிடிக்கிற இடத்துக்கு முன்னமே இடக்காலாலை பெடலை மெல்லமாத் தொடுங்கோ. பாட் டிஸ்க்கோடை வந்து நிண்டிடும். வலக்கால் ஆக்ஸிலரேட்டரிலையே இருக்கட்டும். முதலிலை வீதியிலை ஆருமில்லாத நேரம் பழகிப் பாருங்கோ. கிளச் மிதிச்சுப் பழகின இடக்காலுக்கு மெல்லமா மிதிக்கத் தெரியாது, முகம் போய் ஸ்டியரிங்கிலை அடிபடும். நான் பட்டிருக்கிறன்.

---

எலெக்ட்ரிக்_எதிர்காலம் | வியாழன், மதியம் 2:25

சரி, போலோவா இருந்தாலும் பேரிங் போயிருக்கும். அதை மட்டும் ஒத்துக்கறேன்.

---

அம்பத்தூர்_லேத் | வியாழன், இரவு 8:10

அண்ணே, பேரிங் மாத்தறப்ப ஒண்ணே ஒண்ணு. ஹப்ப (சக்கரத்த மாட்ற நடுப்பாகம்) கழட்டி எங்கயாச்சும் சுத்திய எடுத்து அடிக்க வுட்டுடாத. பேரிங்க நக்கிள்ல (பேரிங்க தாங்குற இரும்பு) எறக்கும்போது வெளி வளையத்துல மட்டும்தான் ப்ரெஸ் பண்ணணும். ஹப்ப உள்ள எறக்கும்போது உள் வளையத்துக்கு அடில முட்டு குடுக்கணும். மாத்தி அமுக்குனா பாரம் பூரா குண்டுங்க வழியா போவும், பள்ளம் வுழும், புது பேரிங்கு ஒரே ரேஸ்ல ஊளைய ஆரம்பிச்சுடும். நெறைய பேரு "டூப்ளிகேட் பேரிங்கு"ன்னு திட்றது இந்த மாதிரி அடிச்சு எறக்குனதுதான்.

சனிக்கெழம நக்கிளோட எடுத்துனு என் பட்டறைக்கு வா. ப்ரெஸ் கீது, காசு வாணாம். ரெண்டு பக்கமும் சேத்தே மாத்திடலாம். வலது பக்கமும் இருபது வருஷத்து பேரிங்குதான், இன்னிக்கு ஆடல, அவ்ளோதான்.

---

பழைய_எஸ்டீம் | வியாழன், இரவு 8:32

அண்ணே, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிக்கறேன். ரெண்டு பேரிங்கும் இன்னிக்கே வாங்கிட்டேன். பழைய பேரிங்கைத் தூக்கிப் போடாதீங்க, முருகருக்குப் பக்கத்துல கட்டி வைக்கணும்.

மார்ஷல் அண்ணே, உங்களுக்கு ஒரு பிரியாணி கடன்.

---

போஸ்ட்_2_கொடி | வியாழன், இரவு 9:05

பிரியாணி அப்புறம். மூணாவது ரவுண்டுல உங்களுக்கு நீலக்கொடி காட்டிக்கிட்டே இருந்தேன், பின்னாடி ரெண்டு சிட்டி உங்களை முந்த வந்துக்கிட்டு இருந்தாங்க. நீங்க கண்ணாடியையும் பார்க்கலை, என்னையும் பார்க்கலை. அதையும் அந்த வீடியோவுல பாருங்க.